நல்ல தண்ணீரில் கழுவிய வண்டி

எங்கள் தெருவில் குடிக்கிற தண்ணீரை எடுத்து வண்டி கழுவுகிற ஒரே மனுஷி குர்ஷித் பேகம். திண்டுக்கல்காரர்களிடம் இதைச் சொன்னாலே முகம் மாறிவிடும். குழாயில் நல்ல தண்ணீர் வருகிற அன்று குடத்துக்குக் குடம் சண்டை நடக்கிற ஊர் இது. அதை ஒரு பழைய ஆம்னி வேனுக்கு ஊற்றினால் யாருக்குத்தான் வயிறு எரியாது? எனக்கும் எரிந்தது. நாகல் நகருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், எதிர்வீட்டு வாசலில் அவர் வாளியோடு குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டு வாய் சும்மா இருக்காமல் கேட்டேன்.

"ஏக்கா, உங்க வீட்டுல போர்த் தண்ணி இல்லையா?"

"இருக்கே. அதுல நான் குளிச்சுக்குவேன். வண்டிக்கு அது ஆகாது."

சொன்னது பொய்யில்லை. தன் பங்குத் தண்ணீரைத்தான் வண்டிக்குக் கொடுத்தார். உப்புத் தண்ணீரில் குளித்துக் குளித்து அக்காவின் தலைமுடி தேங்காய் நார் மாதிரி ஆகியிருந்தது. வண்டி மட்டும் நேற்று வாங்கியது போல நின்றது.

காரணம் அப்புறம்தான் புரிந்தது. அவர் கணவர் மீரான் பாய் தோல் வியாபாரி. கறிக்கடைகளில் ஆட்டுத்தோல் வாங்கி, உப்புத் தடவி, ஆம்னியின் பின் சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அடுக்கித் தோல் மண்டிக் கிட்டங்கிக்குக் கொண்டுபோவார். தோலிலிருந்து உப்புத் தண்ணீர் கசியும். எத்தனை தார்ப்பாய் விரித்தாலும் ஏதாவது ஒரு மடிப்பு வழியாக இறங்கி, தகரமும் தகரமும் சேருகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். தோல் ஏற்றுகிற வண்டிகள் எல்லாவற்றுக்கும் அதுதான் எமன். உள்ளே உட்கார்ந்தபடியே காலுக்குக் கீழே ரோடு தெரிகிற வண்டிகளை நானே பார்த்திருக்கிறேன்.

மீரான் பாய் வந்ததும் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிட உட்காருவார். அக்கா வாளியோடு வெளியே வருவார். ரப்பர் விரிப்பைத் தூக்கி வெயிலில் போடுவார். ஈரத்துணியால் துடைத்து, பிழிந்து, மறுபடியும் துடைப்பார். ஒரு வாளித் தண்ணீரில் அவ்வளவு பெரிய வண்டியை முடிக்கிற கை அவருடையது. பிறகு காய்ந்த துணி. அப்புறம் ஆயில் தொட்ட துணியால் மூலை முடுக்கெல்லாம் ஒரு தடவு. ரேடியேட்டருக்கும் நல்ல தண்ணீர்தான். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீரையே ஊற்றினால் என்ன பிரயோஜனம் என்பார். கேட்டால் சின்ன விஷயம். இந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் செய்கிற தப்பு அதுதான்.

இவ்வளவு செய்தவருக்கு ஸ்டியரிங்கைத் தொட அனுமதி இல்லை. ஒருமுறை, எனக்கும் ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டாராம். மீரான் பாய் சிரித்துவிட்டு, "நீ எங்க போகப் போற?" என்றாராம். நல்ல மனுஷர், கை நீட்டாதவர், மனைவி சமையலைப் பத்துப் பேர் முன்னால் புகழ்கிறவர். ஆனாலும் அந்தச் சிரிப்பை அக்கா மறக்கவில்லை. என்னிடம் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் கொஞ்சம் கெட்டியாகும்.

பக்ரீத்துக்குச் சில நாள் முன்பு மீரான் பாய் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மகள் பர்ஹானா ஒட்டன்சத்திரத்திலிருந்து ஓடி வந்தாள். மூன்றாம் நாளோடு கூட்டம் கலைந்தது. அக்கா இத்தா இருக்க ஆரம்பித்தார். கணவர் இறந்தால் மனைவி நாலு மாதம் பத்து நாள் வீட்டு எல்லையைத் தாண்டாமல், அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் இருப்பது அவர்கள் மார்க்கம். பெண் என்பதால் எனக்குத் தடையில்லை. ஜாக்கெட் தைக்கிற வேலையைப் பாதியில் போட்டுவிட்டு நான் போய் வந்துகொண்டிருந்தேன்.

பக்ரீத் அன்று மீரான் பாயின் தம்பி அப்துல் ஹாதி வந்தார். குர்பானி கொடுத்த வீடுகளில் தோல் சேகரித்து மதரஸாவுக்குக் கொடுக்க வேண்டும், வண்டி வேண்டும் என்றார். நல்ல காரியம். அக்கா சாவியைக் கொடுத்தனுப்பினார். "வந்ததும் நல்ல தண்ணியில கழுவச் சொல்லு முனீசு," என்று என்னிடம் சொன்னார். நானும் சொன்னேன். ஹாதி பாய் தலையை ஆட்டினார்.

வண்டி நாலைந்து நாள் கழித்துத் திரும்பியது. வெளியே பளிச்சென்றுதான் இருந்தது. அக்கா கேட்டைச் சாத்தச் சொல்லிவிட்டு வந்து கதவைத் திறந்தார். உள்ளே தரையெல்லாம் வெள்ளைப் பூ பூத்திருந்தது. ஹாதி பாய் கழுவத்தான் கழுவியிருக்கிறார், போர்த் தண்ணீரில். காய்ந்ததும் உப்பு மேல் உப்பாக நின்றுவிட்டது. மூலையில் பொடிப்பொடியாகத் துரு கிளம்பியிருந்தது.

கணவரைத் தூக்கிக்கொண்டு போன அன்று சத்தம் வராமல் அழுதவர், அன்றைக்கு அந்தத் தரையைத் தடவியபடி வாய்விட்டு அழுதார். துக்கத்தில் இல்லை, கோபத்தில். அழுது முடித்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "முனீசு, வாளிய எடு," என்றார்.

அடுத்த வாரமே ஹாதி பாய் மறுபடி வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். இந்தப் பக்கம் நாங்கள் இருவரும்.

"மதினி, சொன்னா கோவிச்சுக்காதீங்க. ஆம்பள இல்லாத வீட்டுல வண்டி என்னத்துக்கு? இத்தனை மாசம் நின்னா பேட்டரி செத்துப்போகும், டயர் அமுங்கிப்போகும். வித்து விட்ருவோம். நீங்க எங்க போகணும்னாலும் நான் கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க வியாபாரத்துக்கு வெளியூர் போயிருந்தா?"

"வந்ததும் கூட்டிட்டுப் போறேன்."

"அதுவரைக்கும் நான் வாசலப் பாத்து உக்காந்திருக்கணும். அப்படித்தானே தம்பி?"

ஹாதி பாய் கெட்டவர் இல்லை. நல்லவர்தான். அதுதான் பெரிய தொல்லை. கெட்டவரென்றால் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போகலாம். இவரோ நம் நன்மைக்கென்றே நம் கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொள்கிற ரகம். வண்டி குர்ஷித் பேகம் பெயரில்தான் இருந்தது. அதைப் பற்றி அவர் யோசிக்கவேயில்லை.

"ஓடாத வண்டி இருந்தும் ஒண்ணுதான் இல்லாமயும் ஒண்ணுதான், மதினி. இத்தா முடியிறப்ப அது ஸ்டார்ட்டே ஆகாது. நீங்க வேணா பாருங்க."

திரை கொஞ்சம் அசைந்தது. அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"சரி தம்பி. இத்தா முடியிற அன்னைக்கு நீங்களே வந்து பாருங்க. ஸ்டார்ட் ஆகலைன்னா இழுத்துட்டுப் போங்க, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆச்சுன்னா இந்தப் பேச்ச அதோட விட்ரணும்."

"சரி," என்றார் ஹாதி பாய். சிரித்தது கேட்டது. அண்ணனுடைய அதே சிரிப்பு. அக்கா என் கையைப் பிடித்திருந்தார். விரல் வலித்தது எனக்கு.

அவர் போனதும் கேட்டேன். "ஏக்கா இப்படி வாக்குக் குடுத்தீங்க? ஆகாமப் போச்சுன்னா?"

"கழுவுறதுக்கு நான் வேணும். ஓட்டுறதுக்கு ஆகாது. விக்கிறதுக்கு என்னைய ஒரு வார்த்தை கேக்க வேண்டியதில்ல. அம்புட்டும் அவங்களே முடிவு பண்ணுவாங்களா? பாப்போம்."

மறுநாள் காலையிலிருந்து எதிர்வீட்டில் இன்ஜின் சத்தம் கேட்க ஆரம்பித்தது. வீட்டுக்கு முன்னால் ஆளுயரச் சுவர், இரும்பு கேட். சாத்திவிட்டால் தெருவுக்கு எதுவும் தெரியாது. தொழுது முடித்ததும் அக்கா வெளியே வருவார். வண்டிக்கு அடியில் குனிந்து ஆயில் சொட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பார். பேட்டரி முனையில் பச்சையாகப் பூத்திருந்தால் வெந்நீர் விட்டுத் துடைத்து வேஸ்லின் தடவுவார். நியூட்ரலில் இருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருகுவார். செத்த நேரம் ஓடவிட்டு அணைப்பார். அவ்வளவுதான்.

ஆனால் சத்தத்துக்குச் சுவர் கிடையாதே. புருஷன் போய் ஈரம் காயவில்லை, இவளுக்கு வண்டிச் சத்தம் கேட்குதா என்று தெரு பேசியது. பேசியவர்களில் பாதிப்பேர் வீட்டில் அந்த நேரம் டிவி அலறிக்கொண்டிருந்தது. பேச்சு ஹாதி பாய் காதுக்குப் போய், அவர் பள்ளிவாசல் ஹஜ்ரத்தை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். ஹஜ்ரத் வயதானவர். உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டார். நான் நடுவில் தபால்காரி.

"வண்டி கேட்டைத் தாண்டுதாம்மா?"

"இல்லைங்க."

"அவங்க தாண்டுறாங்களா?"

"அவங்க எங்க தாண்டுவாங்க, அதுக்குள்ளதான் இருக்காங்க."

ஹஜ்ரத் ஹாதி பாயைத் திரும்பிப் பார்த்தார். "வீட்டுக்குள்ள கிரைண்டர் ஓடுனா என்னைக் கூப்பிடுவீங்களா பாய்?" என்று கேட்டுவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் ஒரு ஜாக்கெட்டுக்குக் கையை மாற்றித் தைத்துவிட்டேன்.

இன்ஜின் சரி. டயர்தான் அக்காவை உறுத்தியது. ஒரே இடத்தில் நின்றால் தரையில் படுகிற பக்கம் தட்டையாகிவிடும். சாக்பீஸால் டயரில் ஒரு கோடு போட்டுவைத்து, அந்தக் கோடு தினமும் இடம் மாற வேண்டும் என்றார். முதலில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினோம். எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. "இன்னிமே என்னால ஆகாதுக்கா," என்று உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா வண்டியைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தார்.

"எந்திரிச்சு அந்தப் பக்கமாப் போ முனீசு."

முதல் நாள் வண்டி ஒரு குதி குதித்துத் தண்ணீர் டிரம்மை உருட்டிவிட்டு அணைந்தது. அன்றைக்கு டிரம்மில் இருந்தது நல்ல தண்ணீர். ஒரு வாரத் தண்ணீர். அக்கா இறங்கி வந்து, வழிந்தோடுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு, "சரி, முன்பக்கம் கழுவுன மாதிரி ஆச்சு," என்றார். இரண்டாம் நாளும் குதித்தது. பர்ஹானா போனில் வீடியோ அனுப்பினாள். அக்கா அதைப் போட்டுவிட்டுக் காலால் தரையில் கிளட்ச் மிதித்துப் பழகினார். அடுப்படியில் நின்று வெஞ்சனம் தாளிக்கும்போதும் இடது கால் மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டிருக்கும். கொஞ்ச நாளில் வண்டி குதிப்பதை நிறுத்தியது. முன்னால் நாலடி, பின்னால் நாலடி. சுவருக்கும் சுவருக்கும் நடுவே அதற்குமேல் இடம் இல்லை. ஃபர்ஸ்ட் கியரும் ரிவர்ஸும் மட்டும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

இடையில் பர்ஹானாவே போன் வழியாக விண்ணப்பித்து, அக்கா வீட்டில் உட்கார்ந்தபடியே கேள்விகளுக்குப் பதில் தட்டி, பழகுநர் உரிமமும் வாங்கியாகிவிட்டது. ஹாதி பாய்க்கு நாங்கள் சொல்லவில்லை. அவர்தான் கேட்கவில்லையே.

ஆயுத பூஜைக்கு என் தையல் மெஷினுக்குச் சந்தனம் வைத்துவிட்டுப் பொரியும் கடலையுமாக எதிர்வீட்டுக்குப் போனேன். அக்கா பொரியை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, "உன் மிஷினு ஒருநாளு சாமி. என் வண்டிக்குத் தினமும் சீராட்டு," என்று சிரித்தார். மீரான் பாய் போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது.

மழை என்றால் அக்காவுக்குக் கொண்டாட்டம். வானத்திலிருந்து வருவது நல்ல தண்ணீராயிற்றே. பாத்திரம் பண்டமெல்லாம் வெளியே வைத்துப் பிடித்தார். ஆனால் எலிக்கும் மழைக்கு ஒதுங்க இடம் வேண்டும். இத்தா முடிய இரண்டு நாள் இருக்கும்போது காலையில் சாவியைத் திருகினார். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி திருகினார். மறுபடியும் அதே.

அக்கா சாவியிலிருந்து கையை எடுத்தார். "போச்சு முனீசு," என்றார். அந்த ஒரு வார்த்தைதான் அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே தோல்வி. நான் போனை எடுத்து முக்குக்கடை மெக்கானிக் சூசைராஜைக் கூப்பிட்டேன். வருகிறேன் என்றார். அக்கா கையை ஆட்டி வேண்டாம் என்றார். அவர் இருக்கும் இருப்பில் வெளி ஆண் முன்னால் வர முடியாது. தன் வண்டியைத் தான் பார்க்காத நேரத்தில் யாரும் தொடுவதையும் அவர் விடமாட்டார். போனைச் சத்தமாக வைக்கச் சொன்னார்.

"முன் சீட்டத் தூக்குங்க," என்றார் சூசைராஜ். ஆம்னிக்கு இன்ஜின் அங்கேதான். தூக்கினோம். எனக்கு முன்னால் ஒரு எலி குதித்து ஓடியது. நான் கத்திய கத்தலில் சூசைராஜ் அந்தப் பக்கம் பயந்துபோனார். உள்ளே வைக்கோலும் கந்தல் துணியுமாகக் கூடு. பக்கத்தில் ஒரு வயர் கடிபட்டு இரண்டாகத் தொங்கியது. அவர் சொல்லச் சொல்ல அக்கா பேட்டரியைக் கழற்றி, அரிவாள்மணையில் வயர் நுனியைச் சீவி, இரண்டையும் முறுக்கிச் சேர்த்து, என் தையல் பெட்டியிலிருந்த இன்சுலேஷன் டேப்பால் சுற்றினார். பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருகினார். பிடித்துக்கொண்டது. அக்கா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். நான்தான் அழுதேன். அதற்கு அந்த எலியும் ஒரு காரணம்.

இத்தா முடிந்த அன்று நெருங்கின உறவுக்காரர் வந்து அழைத்துப்போய் முதல் சாப்பாடு போடுவது அந்தக் குடும்பத்து வழக்கம். ஹாதி பாய் மனைவி ரிஃபாத்தோடு, டிரைவர் ஓட்டிய புது காரில் வந்து இறங்கினார். கையில் வண்டி கட்டி இழுக்கிற பெரிய கயிறு. ஒரு சுருள், புதுசு. முந்தின நாளே வந்திருந்த பர்ஹானா அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா குளித்து, வெள்ளைப் புடவைக்குப் பதில் சின்னாளப்பட்டிச் சுங்குடியில் முக்காடு போட்டுக்கொண்டு வெளியே வந்து, சாவியை நீட்டினார்.

"போடுங்க தம்பி."

ஹாதி பாய் ஏறி உட்கார்ந்து திருகினார். முதல் திருகிலேயே பிடித்தது. அவர் அணைத்துவிட்டு மறுபடி திருகினார். மறுபடியும் பிடித்தது. கதவைத் திறந்து கீழே தரையைப் பார்த்தார், விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். எங்கேயும் துரு இல்லை. கயிறு அவர் தோளிலேயே தொங்கியது.

"ஸ்டார்ட் ஆச்சு, சரி," என்று இறங்கினார். "ஆனா மதினி, இத யாரு ஓட்டுவா?"

பர்ஹானா சிவப்பில் எழுதிய எல் போர்டை எடுத்து முன்னும் பின்னும் ஒட்டினாள். அக்கா போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். இடது பக்கக் கதவை உள்ளிருந்து திறந்துவிட்டார்.

"ஏறுங்க தம்பி. லைசென்ஸ் இருக்கிறவங்க பக்கத்துல உக்காரணும்னு சட்டம். அந்தக் கயிற இங்கன வச்சிட்டு வாங்க, துணிக்கொடி கட்ட ஆகும்."

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. ஹாதி பாய் மனைவியைப் பார்த்தார். ரிஃபாத், "ஏறுங்களேன், நம்ம கார நம்ம டிரைவர் கொண்டு வரட்டும்," என்றாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது. நானும் பர்ஹானாவும் பின்னால் ஏறினோம். கழற்றியே கிடந்த பின் சீட்டை முந்தின நாள்தான் நாங்கள் மாட்டியிருந்தோம். ஆம்னி கேட்டைத் தாண்டியது. அக்காவும் தாண்டினார்.

ஃபர்ஸ்ட் கியரிலேயே தெருவைக் கடந்தோம். ஃபர்ஸ்ட் கியரிலேயே மெயின் ரோட்டில் ஏறினோம். மேம்பாலத்தின் மேட்டில் பின்னால் ஒரு பஸ், அதற்குப் பின்னால் இரண்டு ஷேர் ஆட்டோ, எல்லோரும் ஹார்னில் கையை வைத்தார்கள். இன்ஜின் கத்தியது.

"மதினி, செகண்ட் போடுங்க. எல்லாப் பயலும் ஹார்ன் அடிக்கிறான்."

"அடிக்கட்டும் தம்பி. நான் பழகுன இடத்துல செகண்ட் போட இடமில்ல. இப்ப இடம் வந்திருச்சு. சொல்லுங்க, எப்படிப் போடணும்?"

ஹாதி பாய் சொன்னார். முதல் தடவை சத்தத்தில் பல்லெல்லாம் கூசியது. இரண்டாம் தடவை விழுந்தது. வண்டி இழுத்துக்கொண்டு ஓடியபோது அக்கா, "யா அல்லாஹ்!" என்று கத்தினார். பயத்தில் இல்லை. எனக்குத் தெரியும்.

பேகம்பூர்ப் பக்கம் ஹாதி பாய் வீட்டு வாசலில் நிறுத்தும்போது வண்டி முழுக்க மழைச் சேறு. அக்கா இறங்கிச் சுற்றிப் பார்த்தார், முகம் சுருங்கியது. பந்தி போட்டாகிவிட்டது, சாப்பிட வாங்க என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள்.

"சேறு காஞ்சா பெயிண்ட அரிச்சிரும். ஒரு வாளித் தண்ணி கிடைக்குமா?"

யாரும் எதிர்பார்க்காமல் ஹாதி பாயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். மோட்டார் குழாயடியில் வாளியை நிரப்பிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தார். அக்கா குனியவில்லை. வாளியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"போரா தம்பி?"

ஹாதி பாய் வாளியைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டு, அடுப்படிக்குப் போய்க் குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்.